எல்விராவின் வேலியும் எங்கள் ஆன்டெனாக்களும்

1

அர்ஜென்டினாவுக்கு நாங்கள் வந்து சேர்ந்த நாள் எது என்று எனக்கு யாரும் நினைவூட்டத் தேவையில்லை. குடியிருப்பு அட்டை காலாவதியாவதும் அதே வாரத்தில்தான். ஊரில் பிறந்த நாள், கல்யாண நாள் என்று கொண்டாடுகிறார்களே, அதுபோல எனக்கு வருடா வருடம் தவறாமல் வருகிற நாள் இது. கேக் கிடையாது. வரிசை உண்டு.

நாங்கள் இருப்பது ஆண்டஸ் மலையின் கிழக்கு அடிவாரத்தில், காற்றும் புழுதியும் பாப்லர் மரங்களுமாக ஒரு சின்ன ஊர். குடியேற்ற அலுவலகத்துக்குப் போக பஸ்ஸில் பாதி நாள் ஆகும். அங்கே கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் அம்மாள் நல்லவர். ஆனால் ஒவ்வொரு முறையும் என் மகள் ஷெரினின் தாள்களைப் புரட்டி ஒரே இடத்தில் நின்றுவிடுவார்.

"இவர்தான் பெண்ணின் தந்தையா?"

"ஆமாம்."

"தந்தையின் குடும்பப் பெயர் தேவசகாயம். பெண்ணின் குடும்பப் பெயர் ஜெபராஜ். எப்படி?"

"ஜெபராஜ் அவருடைய பெயர். தேவசகாயம் அவருடைய அப்பாவின் பெயர்."

"சரி, உங்கள் குடும்பப் பெயரைச் சொல்லுங்கள்."

"எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாதுங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்ப்பார். இவ்வளவு ஜனங்கள் குடும்பப் பெயர் இல்லாமல் எப்படி ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்று கவலைப்படுவது போல இருக்கும். நான் முதலிலிருந்து விளக்குவேன். அவர் மேலதிகாரியைக் கூப்பிடுவார். மேலதிகாரிக்கு மறுபடியும் விளக்குவேன். ஜெபராஜ், அதாவது என் கணவர், இந்தக் காட்சியை மூன்று வருடம் என்னோடு நின்று பார்த்தார். கணக்கு வேலை தெரிந்தவர். இங்கே அவருக்கு மொழியும் வரவில்லை, வேலையும் அமையவில்லை. சென்னைக்கே திரும்பிவிட்டார். கிறிஸ்துமஸுக்கு வருவார். வந்து, மகள் ஸ்பானிஷில் போன் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

என் பாஸ்போர்ட்டில் எஸ்தர் என்பதற்குப் பின்னால் என் அப்பாவின் பெயர், மாணிக்கம். அதனால் இங்கே நான் "செஞோரா மனிகாம்", அதாவது திருமதி மாணிக்கம். காஞ்சிபுரத்துக்கு வெளியே, முசரவாக்கம் பக்கத்துக் காலனியில், பம்புசெட் மோட்டார் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதரின் பெயரைத்தான் இந்த அலுவலகத்தின் ஒலிபெருக்கி உரக்கக் கூப்பிடுகிறது. முதல் வருடம் அதைக் கேட்டுத் திடுக்கிட்டேன். இப்போது எழுந்து போய் நிற்கிறேன்.

2

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: அங்கே உனக்கு என்ன வேலை? அம்மா தெருவில் சொல்லி வைத்திருக்கிற பதில், "எம் பொண்ணு ஆன்டெனா வெக்கிற வேல பாக்குது." எங்கள் தெருக்காரர்கள் என்னை வெளிநாட்டில் கேபிள் டிவி இணைப்பு கொடுப்பவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சம்பளத்தைப் பார்த்தால் அவர்கள் நினைப்பது பெரிய தவறும் இல்லை.

விஷயம் இதுதான். வெளியில் எங்கிருந்தோ பூமியின்மேல் துகள்கள் வந்து விழுந்துகொண்டே இருக்கின்றன. பெரும்பாலானவை சாதாரணமானவை. ஆனால் எப்போதாவது ஒன்று வரும். தெருவில் பையன்கள் எறிகிற கிரிக்கெட் பந்தில் இருக்கும் ஆற்றல் அத்தனையும் ஒற்றை அணுக்கருவுக்குள், அதாவது ஒரு தூசியைவிடக் கோடிக்கணக்கான மடங்கு சிறிய ஒன்றுக்குள், அடைபட்டு வரும். அதற்கு அவ்வளவு ஆற்றலை யார் கொடுத்தார்கள், எந்த இடத்திலிருந்து கிளம்பியது என்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது. தெரிந்துகொள்ள நிறையப் பிடிக்க வேண்டும். பிடிப்பதுதான் கஷ்டம். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் காத்திருந்தால், அப்படி ஒன்று விழ நூறு வருடம்கூட ஆகலாம். நூறு வருடம் உட்கார யாராலும் முடியாது. அதனால் நிலத்தை விரிக்க வேண்டும். ஒரு மாவட்டம் அளவுக்குக் கருவிகளைப் பரப்ப வேண்டும்.

இங்கே ஏற்கனவே அப்படிப் பரப்பியிருக்கிறார்கள், பெரிய பெரிய தண்ணீர்த் தொட்டிகளாக. அந்தத் துகள் வானத்தின் உச்சியில் காற்றில் மோதிச் சிதறி, சிதறியது மறுபடி சிதறி, கோடிக்கணக்கான துகள்களின் மழையாகக் கீழே வந்து சேரும். தொட்டிக்குள் நுழைந்தால் தண்ணீரில் ஒரு மினுக்கு வெளிச்சம் தெரியும். அருமையான ஏற்பாடு. ஆனால் செலவு அதிகம். தொட்டி, தண்ணீர், லாரி, பராமரிப்பு. இதைவிடப் பத்து மடங்கு நிலத்தை மூட வேண்டுமென்றால் எந்த நாட்டிடமும் அதற்குப் பணம் இல்லை.

மலிவாக என்ன வழி என்று தேடுகிறவர்களில் எங்கள் சின்னக் குழுவும் ஒன்று. அந்தத் துகள் மழை காற்றில் இறங்கும்போது, பூமியின் காந்தம் அதில் உள்ள எலெக்ட்ரான்களை ஒரு பக்கமும் பாசிட்ரான்களை இன்னொரு பக்கமும் தள்ளும். அந்தத் தள்ளலில் ரேடியோ அலையாக ஒரு துடிப்பு பிறக்கும். கண் சிமிட்டும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குகூட இருக்காது. அதைப் பிடிக்க ஒரு கம்பம், நான்கு கம்பி, உள்ளங்கை அளவு ஒரு சர்க்கியூட், ஒரு சோலார் தகடு, ஒரு பேட்டரி போதும். துகள் சாய்வாக வந்தால் அந்தத் துடிப்பு நிலத்தில் வெகுதூரம் பரவும். அதனால் கம்பங்களை ஒரு கிலோமீட்டருக்கு ஒன்று என்று தள்ளித் தள்ளியே நடலாம். பகலிலும் வேலை செய்யும். இடி இடிக்கும்போது மட்டும் லீவு.

ஒரு நிபந்தனை உண்டு. இப்போதைக்கு, தொட்டிகள் "வந்தது" என்று சொன்ன பிறகுதான் ஆன்டெனாவின் பதிவை எடுத்துப் பார்க்கிறோம். அப்படியென்றால் மறுபடியும் தொட்டி வேண்டும், செலவு மிச்சமாகாது. ஆன்டெனா யாரும் சொல்லாமல் தானாகக் கண்டுகொள்ள வேண்டும். இதைச் சோதித்துக் காட்டத்தான் எங்களுக்குக் கொஞ்சம் காலம் கொடுத்திருந்தார்கள். முடிந்தால் மேலே. முடியாவிட்டால் கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டு அவரவர் ஊருக்கு. என் வேலை, அதோடு கட்டப்பட்ட குடியிருப்பு அட்டை, ஷெரினின் பள்ளிப் படிப்பின் கடைசி வருடம் எல்லாம் இந்த "முடியாவிட்டால்" என்ற வார்த்தைக்குள் இருந்தன.

3

கடைசியாக ஊருக்குப் போயிருந்தபோது பெட்டியில் ஒரு ஆன்டெனாவை மடக்கி எடுத்துப் போனேன். சும்மா ஆசைக்கு. கம்பிகளை மொட்டை மாடியில் விரித்துக் கட்டினேன். அம்மா மூச்சு வாங்க மேலே ஏறி வந்து பார்த்தார்.

"இன்னாடி இது, கொடி கட்டியிருக்கிற? அங்க ஒண்ணு இருக்குதே."

"துணி போடாதமா. இது வானத்துல இருந்து வர்றத கேக்கும்."

"இன்னா கேக்கும்?"

லேப்டாப் திரையைப் பார்த்தேன். கேட்டதெல்லாம் பூமிதான். பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டார், மூலையில் இருந்த வெல்டிங் பட்டறை, நாலு தெரு தள்ளி ஓடும் விசைத்தறிகள், கோயில் உற்சவத்துக்குக் கட்டியிருந்த சீரியல் செட், டிரான்ஸ்ஃபார்மர். திரை முழுக்க ஒரே கிறுக்கல். இதற்குள் வானம் என்ன சொன்னாலும் காதில் விழாது.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் என் கம்பியில் அம்மாவின் இரண்டு புடவையும் ஒரு போர்வையும் காய்ந்துகொண்டிருந்தன. நன்றாகத்தான் காய்ந்தன.

இந்தப் பாழ்வெளிக்கு நாங்கள் வந்ததே இங்கே சத்தம் இல்லை என்பதால்தான். மின்கம்பி இல்லை, மோட்டார் இல்லை, ஆளே இல்லை. ஆனாலும் போன இலையுதிர் காலத்தில் ஒரு சத்தம் தொடங்கியது.

4

டிக். டிக். டிக். வினாடிக்கு ஒன்று, கொஞ்சம் தாமதமாக, பகலும் இரவும். தென்பக்கத்து ஆன்டெனாக்கள் எல்லாவற்றிலும். ஒவ்வொரு டிக்குக்கும் எங்கள் கருவி "வந்தது, வந்தது" என்று பதிவு செய்து, பேட்டரி தீர்ந்து, நிஜமான எதையும் பிடிக்க இடமில்லாமல் நிரம்பி வழிந்தது. வினாடிக்கு ஒருமுறை பொய் சொல்கிற கருவியைச் சோதனையில் யார் தேற விடுவார்கள்?

சத்தம் வரும் திசையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரே ஒரு வீடுதான் இருந்தது. அந்த வீட்டுக்காரரைத் தோனா எல்விரா, அதாவது எல்விரா அம்மா, என்று கூப்பிடுவார்கள். அறுபது தாண்டிய பெண், கணவர் இல்லை, ஆடு வளர்க்கிறவர். மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு பூமா, நம் ஊர்ச் சிறுத்தை மாதிரி ஒரு மிருகம், அவருடைய ஆடுகளில் சிலவற்றைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. அதனால் புதிதாக மின்வேலி போட்டிருந்தார். எங்கள் டிக் அதிலிருந்துதான்.

நான் தனியாகத்தான் போனேன். வண்டியை நிறுத்தி, மரியாதையாகத் தொப்பியைக் கழற்றி, முதலில் நலம் விசாரிக்கலாம் என்று நினைத்தேன். ஸ்பானிஷில் கப்ரா என்றால் ஆடு. நன்றாக வளர்ந்த பெரிய ஆடுகள் என்று பாராட்டிச் சொல்வதற்காக நானே ஒரு விகுதியைச் சேர்த்து, "உங்கள் கப்ரோன்கள் எல்லாம் எப்படி இருக்கிறார்கள்?" என்று கேட்டேன். அந்த விகுதி சேர்ந்தால் அது ஆடே இல்லை, வாயில் வரக்கூடாத ஒரு வசவு என்பது எனக்குத் தெரியாது. எல்விராவுக்கு வளர்ந்த இரண்டு மகன்கள் உண்டு.

அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து ஷெரினிடம் சொன்னபோது அவள் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, நீ தயவுசெஞ்சு வெளிய ஸ்பானிஷ் பேசாத," என்றாள். பிறகு போனை எடுத்து யாருக்கோ அந்தக் கதையை அனுப்பினாள். அன்று சாயங்காலத்துக்குள் அவள் வகுப்பு முழுக்கப் பரவிவிட்டது. ஆனால் சனிக்கிழமை என்னோடு வர ஒப்புக்கொண்டாள். என்மேல் இருந்த பாசத்தால் என்று நினைத்துக்கொண்டேன். ஆட்டுக்குட்டிகளைப் பார்க்க என்று பிறகு தெரிந்தது.

5

ஷெரினைப் பார்த்ததும் எல்விராவின் முகம் மாறிவிட்டது. இருவரும் வாசலில் நின்று பேசினார்கள், சிரித்தார்கள். என் பக்கம் கையைக் காட்டி மறுபடி சிரித்தார்கள். நான் வண்டியின் கதவருகே நின்றேன். எத்தனை வருடமானாலும், சொந்த மகள் என்னைப் பற்றி என் முன்னால் இன்னொரு பாஷையில் மன்னிப்புக் கேட்பது பழகவில்லை.

எல்விரா எங்களை வேலிக்கு அழைத்துப் போனார். மரக்கம்பங்களில் பிளாஸ்டிக் கொக்கி மாட்டி, அதில் இழுத்துக் கட்டிய கம்பி. கொட்டகைச் சுவரில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. அதன்மேல் சின்ன சோலார் தகடு. வேலிக்குப் பத்தடி தள்ளியே நான் நின்றுவிட்டேன்.

"ஏன் அங்க நிக்கிற? வா," என்றாள் ஷெரின்.

"இங்கிருந்தே தெரியுது."

எல்விரா என்னைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். இவள் எதற்கு இப்படிப் பயப்படுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காக, புறங்கையை நீட்டிக் கம்பியைத் தொட்டார்.

"ஐயோ! விடு!" என்று நான் கத்தியது தமிழில். ஷெரினின் கையைப் பிடித்து இழுத்து என் பின்னால் தள்ளியிருந்தேன். எப்போது ஓடி வந்தேன் என்று தெரியவில்லை.

எல்விரா கையை உதறிக்கொண்டு சிரித்தார். "ஒரு உதை, அவ்வளவுதான்," என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"அம்மா! என்ன பண்ற? எல்லாரும் பாக்குறாங்க," என்றாள் ஷெரின். எல்விராவையும் ஆடுகளையும் தவிர அங்கே யாருமில்லை.

எல்விரா ஏதோ கேட்டார். ஷெரின் என்னிடம் திரும்பினாள். "ஏன் இவ்ளோ பயம்னு கேக்குறாங்க."

"தாத்தாவச் சொல்லு."

"தாத்தாவா? எதுக்கு?"

"தாத்தா வேலியிலதானேடி போனாரு."

"தெரியும். வேலையில. மோட்டார் வேலையில."

"வேலையில இல்ல, ஷெரின். வேலியில."

அவள் புரியாமல் என்னைப் பார்த்தாள். அவளுக்கு இரண்டு சொல்லும் ஒன்றுபோலத்தான் கேட்டிருக்கிறது. சின்ன வயதிலிருந்து ஊருக்குப் போகும்போதெல்லாம், அம்மாவும் நானும் சித்திமாரும் "வேலியில போயிட்டாரு" என்று சொன்னதை அவள் "வேலையில" என்றே வாங்கி வைத்திருக்கிறாள். வேலை செய்யும் இடத்தில் ஏதோ ஆகி இறந்துபோன ஒரு தாத்தா. யாரும் அவளிடம் உட்கார்ந்து சொன்னதில்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை யார் உட்கார்ந்து சொல்வார்கள்?

"சொல்லு," என்றாள். "நான் அவங்களுக்குச் சொல்றேன்."

நான் தமிழில் சொன்னேன். அவள் ஸ்பானிஷில் சொன்னாள். அப்பா பம்புசெட் மெக்கானிக். மாகறல் பக்கம் ஒரு கிணற்று மோட்டார் நின்றுவிட்டது, பயிர் காய்கிறது என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். விடிவதற்கு முன்னாலேயே சைக்கிளில் கிளம்பிப் போனார். சைக்கிளை ரோட்டில் நிறுத்திவிட்டு, ஸ்பேனர் பையோடு வேர்க்கடலை வயலின் வரப்பில் இறங்கியிருக்கிறார். அந்த நிலத்துக்காரர் காட்டுப் பன்றிக்காகச் சுற்றிலும் முழங்கால் உயரத்தில் கம்பி கட்டி, பம்ப் ரூமிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்திருந்தார்.

ஷெரின் இதுவரை சொல்லிவிட்டாள். அடுத்ததை நான் சொன்னேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கம்பி சுருட்டி எடுக்கப்பட்டிருந்தது. அப்பாவை ரோட்டோரத்தில் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். மின்கம்பி அறுந்து விழுந்தது என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். அறுந்த கம்பியை யாரும் காட்டவில்லை. நான் அப்போது கல்லூரியில் பிசிக்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். அவருடைய காலில் எந்த உயரத்தில் காயம் இருந்தது என்று பார்த்தேன். மேலிருந்து விழுந்த கம்பி அந்த இடத்தில் அப்படிச் சுடாது என்று சொன்னேன். "நீ சும்மா இரும்மா," என்றார்கள்.

ஷெரின் எல்விராவைப் பார்த்து வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தை வந்தது. நின்றுவிட்டாள். மறுபடி தொடங்கினாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆடுகள் இருந்த பக்கம் போய் நின்றாள். அவள் சொல்லாமல் விட்டது எல்விராவுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கொட்டகைக்குப் போய்ப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். திரும்பி வந்து என் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போனார்.

மாத்தே என்று ஒரு கசப்புத் தழைத் தேநீர். சுரைக்குடுவையில் ஊற்றி, ஒரே உலோகக் குழாயில் எல்லாரும் மாற்றி மாற்றி உறிஞ்ச வேண்டும். எல்விரா முதலில் தான் குடித்துவிட்டு அதையே என்னிடம் நீட்டினார். அப்பா மோட்டார் இறக்கப் போன வீடுகளில் அவருக்கென்று கொல்லைப்புறத்தில் தனி டம்ளர் கவிழ்த்து வைத்திருப்பார்கள். குடித்துவிட்டுக் கழுவி அங்கேயே கவிழ்த்துவிட்டு வர வேண்டும். நான் குழாயை வாயில் வைத்து முழுக்க உறிஞ்சினேன். நாக்கு வெந்துவிட்டது.

ஷெரின் உள்ளே வந்தாள். எல்விரா அவளிடம் மெதுவாகச் சொன்னதை அவள் எனக்குச் சொன்னாள். "இனிமே வேலிக்குக் கரண்ட் போட மாட்டாங்களாம். மகன்களை வரச்சொல்லி நாயோட காவல் வெப்பாங்களாம். உன் மெஷினுக்குச் சத்தம் வராதாம்."

நான் வந்த காரியம் முடிந்துவிட்டது. தலையாட்டிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் மகன்கள் எத்தனை நாள் வருவார்கள்? பூமா மறுபடி வரும். இந்த அம்மாளின் பிழைப்பை அணைத்து என் பிழைப்பை ஓட்டுவதா?

"போடச் சொல்லு," என்றேன்.

"என்னது?"

"வேலியைப் போடச் சொல்லு. போட்டாத்தான் எங்க தப்புன்னு கேக்கும். நல்லா இருக்கிற வேலி சத்தம் போடாது. எங்கியோ பொறி பறக்குது."

வண்டியில் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்று இருந்தது. அதை எந்த நிலையமும் வராத இடத்தில் திருப்பி வைத்துக்கொண்டு வேலியோரமாக நடந்தோம். டிக், டிக். பழுது இருக்கும் இடம் நெருங்க நெருங்கச் சத்தம் ஏறும். முதல் கம்பங்கள் வரைக்கும் ரேடியோவை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, குருடி கம்பு ஊன்றுவதுபோல நடந்தேன். ஓரிடத்தில் கொக்கி உடைந்து கம்பி மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னோரிடத்தில் கையால் முறுக்கிய இணைப்பு துருப்பிடித்திருந்தது. நிழலில் குனிந்து பார்த்தால், ஒவ்வொரு டிக்குக்கும் ஊசிமுனை அளவு நீலப் பொறி.

ஷெரினும் எல்விராவும் எனக்கு முன்னால் நடந்தார்கள். பேசிக்கொண்டே போனார்கள். பள்ளி முடிந்ததும் கால்நடை மருத்துவம் படிக்கப் போவதாக ஷெரின் சொன்னாள். தலைநகரில் இல்லை, இங்கேயே, மாகாணப் பல்கலைக்கழகத்தில். அம்மாவுக்கு இந்தியா திரும்ப வேண்டியிருந்தாலும் தான் இருந்துவிடப் போவதாகச் சொன்னாள். என் ஸ்பானிஷ் பேசத்தான் மோசம், கேட்க மோசமில்லை. என்னிடம் தமிழில் சொல்லாததை அந்த அம்மாளிடம் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். நான் கேட்கவில்லை என்பதுபோல ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன்.

6

கொக்கிகளை மாற்றி, முறுக்கிய இணைப்புகளுக்கு நல்ல கிளாம்ப் போட்டு, புதர்களை வெட்டி முடிக்க இன்னும் இரண்டு சனிக்கிழமை போக வேண்டியிருந்தது. வேலி முன்னைவிட நன்றாக உதைக்கிறது என்று எல்விரா சந்தோஷப்பட்டார். என் திரையில் தென்பக்கம் அமைதியானது. மழை ஓய்ந்த பிறகு ஓட்டில் சத்தம் நிற்குமே, அப்படி.

அதற்குப் பிறகு காத்திருப்பு. நரி கேபிளைக் கடிக்கும், மாடு கம்பத்தில் முதுகு சொறிந்து சாய்க்கும், சரி செய்துவிட்டு மறுபடி காத்திருப்பு. வீட்டில் சோறு வைத்து, ஷெரின் வேண்டாம் என்று சொல்லும் ரசத்தை நானே குடித்து, கோப்பையைக் கழுவி வைத்துப் படுத்தேன். எனக்கு அலுப்பாகத்தான் இருந்தது. கிடைக்காதோ என்ற பயம்கூட இல்லை. வெறும் அலுப்பு.

அட்டை புதுப்பிக்கும் வாரம் வந்தது. பஸ் ஏறிப் போய், ஒலிபெருக்கி அப்பாவின் பெயரைக் கூப்பிட, எழுந்து போய், குடும்பப் பெயர் இல்லாத கதையை இருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் திரையைத் திறந்தால், முந்தைய நாள் மதியத்துப் பதிவில் வரிசையாகப் பல ஆன்டெனாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் துடித்திருந்தன. மேற்கு மலைப்பக்கமிருந்து ஒரு துகள் மழை சாய்வாக இறங்கி, எங்கள் கம்பங்கள் அத்தனையையும் தாண்டி, எல்விராவின் ஆடுகளின் மேலாகப் போயிருந்தது. டிக் இல்லை, மோட்டார் இல்லை, இடி இல்லை. யாரும் சொல்லாமல் ஆன்டெனாக்களே கண்டுகொண்டிருந்தன. தொட்டிகளின் பதிவைப் பிறகு எடுத்து ஒத்துப் பார்த்தோம். அதே நேரம், அதே திசை. நாங்கள் எதிர்பார்த்த அளவுக்குப் பெரியது.

அந்த நேரத்தில் நான் கவுன்ட்டரில், தேவசகாயம் யார் என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் குழுத் தலைவர் ஜெர்மன்காரர். சத்தமே போடாத மனிதர். மேஜையை இரண்டு கையாலும் தட்டினார். எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பசிதான் வந்தது. சோதனையில் தேறினோம். ஆனால் கேட்ட அளவு கிடைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கம்பம், இன்னும் கொஞ்சம் காலம். அதற்கும் மகிழ்ச்சிதான். ஷெரினிடம் சொன்னேன். "சூப்பர், அம்மா," என்று கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு, விண்ணப்பம் போட வேண்டிய பல்கலைக்கழகத்தின் பக்கத்தை என் முன்னால் திறந்து வைத்தாள். அவளாகவே. தமிழில் சொன்னாள்: "நான் இங்க படிக்கிறேன். நீ கோவப்படாத." நான் கோபப்படவில்லை. உன் அப்பாவிடம் நீயே பேசு என்று மட்டும் சொன்னேன்.

7

ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் வந்தார். துகள் பிடித்த செய்தியைச் சொன்னேன். "நல்லதாப் போச்சி. வேல இருக்குது இல்ல?" என்றார். இருக்கிறது என்றேன். பிறகு கொஞ்சம் இழுத்தார்.

"ஷெரினு இன்னாவோ சொல்லிச்சி. வேலியாண்ட போனீங்களாமே. கரண்டு வேலி."

"ஆமாமா."

"அந்தப் பொம்பள கையால தொட்டுச்சாமே."

"தொட்டாங்கமா. ஒண்ணும் ஆவாது. நேரா கரண்டு கெடையாது. நடுவுல ஒரு பொட்டி இருக்குது. விட்டு விட்டுத்தான் கரண்ட அனுப்பும். பட்டா ஒதறிக்கினு கைய எடுத்துடலாம்."

"பன்னிக்கு அது போதுமா?"

"போதும். ஒரு தபா பட்டா திரும்ப அந்தப் பக்கமே வராது."

"அந்தப் பொட்டி ரொம்ப வெலையா?"

"இல்லமா."

"அங்க மட்டும்தான் கெடைக்குமா?"

"நம்ம ஊருலயே கெடைக்குது. அப்பவே கெடைச்சிது."

அம்மாவுக்குப் பின்னால் தெருவில் யாரோ பைக்கை உதைக்கும் சத்தம் கேட்டது. போன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு முறை கூப்பிட்டேன்.

"இருக்கேன்," என்றார். "இத்தினி வருசமா நான் இன்னா நெனச்சிக்கினு இருந்தேன்னா, பன்னிக்கு வெச்சாங்க, ஒங்கப்பன் நேரம், அவுரு போயி மாட்டிக்கினாருன்னு. பன்னிய வெரட்ட வேற வழி இல்லன்னு நெனச்சிக்கினு இருந்தேன். இருந்திருக்குதே, எஸ்தர்."

"ஆமாமா," என்றேன்.

"இந்த வருசக் கடலைக்கும் கம்பி கட்டிக்கினு இருக்காங்க. மோட்டார் எறக்குற பசங்க தெனம் எங்க வாசலோடதான் போறானுங்க." அம்மா பக்கத்தில் எதையோ தேடுவது கேட்டது. "அந்தப் பொட்டி பேரு இன்னா? சொல்லு. கடையில இன்னான்னு கேக்கணும்?"

சொன்னேன். ஒருமுறை தப்பாகச் சொன்னார். திருத்தினேன். இரண்டாவது முறை, ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி, சரியாகச் சொன்னார்.